செத்த எலியை யார் எடுப்பது?



எலித்தொல்லை பற்றிப் பேச்சு வந்தால், "மருந்து வைத்தாயிற்று, செத்துவிடும்" என்று நிறுத்திக்கொள்கிறோம். செத்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அதன் கிருமியை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1894-இல், ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது மனிதனிடம் எப்படி வருகிறது என்பதுதான் புரியவில்லை. காற்று என்றார்கள், அழுக்கு என்றார்கள். வீடுகளைக் கழுவினார்கள், படுக்கைகளைக் கொளுத்தினார்கள். புனேயில் சிப்பாய்களே வீடு புகுந்து சோதித்தார்கள். மக்களின் கோபம் முற்றி, 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். கடன் வாங்கியவர் ஒருவர், ஜப்தி வேறொருவர் வீட்டில் என்பார்களே, அந்தக் கதைதான்.

பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் வேறொன்றைக் கவனித்தார். செத்து வெகுநேரமான எலியைத் தொட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் செத்த எலியைத் தொட்டவர் நோயில் விழுந்தார். உடல் குளிர்ந்ததும் எலியை விட்டு வெளியேறுவது எது? தெள்ளுப்பூச்சி!

1898 ஜூனில் கராச்சியில் அவர் சோதித்தார். நோயுற்ற எலியை ஜாடியில் விட்டு, தெள்ளுகளையும் சேர்த்தார். மேலே வலைக்கூண்டில் நல்ல எலி. இரண்டும் தொட்டுக்கொள்ள முடியாது. ஆனாலும் சில நாளில் அதுவும் பிளேக்கில் செத்தது. அறிஞர்கள் நம்பவில்லை.

1905-இல் அமைந்த பிளேக் ஆராய்ச்சிக் குழு பம்பாயில் இதை உறுதி செய்தது. பிளேக் வீடுகளில் தரையிலிருந்து 2 அங்குல உயரக் கூண்டில் வைத்த கினிப்பன்றிகளுக்கு நோய் வந்தது. 2 அடி உயரத்தில் இருந்தவை தப்பின. தெள்ளால் அவ்வளவு உயரம் தாவ முடியாது. உண்மை தெரிந்தும் நோய் உடனே அடங்கவில்லை. ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்று இங்கே பிளேக் இல்லை, பயம் வேண்டாம். ஆனால் எலிகளின் மேல் வாழும் சிறு உண்ணிகளால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு.

நம் குப்பை அறையில் செத்த எலியை வெறுங்கையால் எடுப்பவர் நம் தூய்மைப் பணியாளர். அவருக்குக் கையுறையும் நீண்ட பிடியுள்ள இடுக்கியும் வாங்கித் தருவது பராமரிப்புக் கணக்கில் சின்னச் செலவு. அடுத்த கூட்டத்தில் இதை நிறைவேற்றுவோம்.