பியோதரோவ் துப்பாக்கியும் கணினிப் போர்க்களமும்

கணினித் திரையிலே போர் புரிவது இக்கால வாலிபர்க்குப் பழகிய பொழுதுபோக்கு. பெரியோர் அதனை வீண் காலக்கழிவு என்பர். நாமும் ஆடியவர்களே, ஆதலால் பழிப்பதற்காக இதனை எழுதினோமல்லோம். முதலாம் உலகப் போரைப் பொருளாகக் கொண்டு 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பற்றில்பீல்ட் 1' என்னும் விளையாட்டில், அடுத்த ஆண்டு ருஷியப் போர்முனைகளைக் காட்டும் பகுதியொன்று சேர்க்கப்பட்டது. அதனோடு வந்ததே 'பியோதரோவ் அவ்தமாத்' என்னும் தன்னியக்கத் துப்பாக்கி.

இதனை ஆக்கியவர் விளாதிமிர் பியோதரோவ் (1874–1966) என்னும் ருஷியப் படைக்கல வல்லுநர். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடவேண்டும். ஒரு வீரன் தனியே ஏந்திச் செல்லவும் வேண்டும். இதுவே அவர் நோக்கம். ருஷியப் படையின் வழக்கமான தோட்டாவோ வலுமிக்கது. அதன் உதைப்புப் பெரிது. அடிவிளிம்பும் இடையூறு செய்தது. எனவே தாமே சிறியதொரு தோட்டாவை வகுத்தார். போர் மூண்டதும் அதனைப் புதிதாக உற்பத்தி செய்ய வழியில்லாது போயிற்று. அப்பொழுது கைகொடுத்தது யப்பானியரின் 6.5 மில்லிமீற்றர்த் தோட்டா! 1904–05 இல் ருஷியரைத் தோற்கடித்த அதே யப்பானிடம், பத்தாண்டு கழித்து ருஷியா துப்பாக்கியும் தோட்டாவும் விலைக்கு வாங்கியிருந்தது. அரசியலிற் பகையும் நட்பும் எத்துணை விரைவில் இடம்மாறுகின்றன!

1916 இன் இறுதியில் 189 ஆம் இஸ்மாயில் காலாட்படையின் அணியொன்று இக்கருவியுடன் ருமேனியப் போர்முனைக்குச் சென்றது. அப்போரில் இதன் பங்கு பெரும்பாலும் அவ்வளவே. பின்னர்ப் புரட்சி வந்தது. கோவ்ரோவ் நகரத் தொழிற்சாலையில் ஒழுங்கான உற்பத்தி தொடங்கியது 1920 இலேதான். எல்லாமாகச் செய்யப்பட்டவை ஏறத்தாழ 3,200.

விளையாட்டிலோ எந்நாட்டுப் படையினனும் எக்களத்திலும் இதனை ஏந்தலாம். இது பிறக்குமுன் 1915 இல் நடந்த கலிப்பொலிப் போரிலுங்கூட! அதிலும் காயப்பட்டோரை எழுப்பும் மருத்துவப் படையினனுக்கே இது உரியது என்பது வேடிக்கை. ஆட்டத்துக்கு வேகம் வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது ஆடுவோர்க்குச் சலிப்பே. ஆனால் உண்மையான ருஷியச் சிப்பாயின் கையிலிருந்தது ஐந்து தோட்டா கொண்ட மோசின் துப்பாக்கி. அதை இழுத்துத் தள்ளிய நொடிகளில், எதிரேயிருந்த இயந்திரத் துப்பாக்கி ஓய்ந்திருக்கவில்லை. அந்த நொடிகளே திரையில் இல்லாதவை.

1928 இற் சேவையினின்றும் நீக்கப்பட்ட பியோதரோவ் துப்பாக்கிகளுட் சில, 1940 இல் பின்லாந்துப் போரின் பனியில் மீண்டும் வெளிவந்தன. 'அவ்தமாத்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. 1947 இன் கலாஷ்னிகோவ் துப்பாக்கிப் பெயரில் முதலெழுத்தாய் நிற்பது அச்சொல்லே.