ஐயமும் விசுவாசமும்

ஐயுறுவது பாவமா? கேள்வி கேட்பவன் விசுவாசத்தை இழந்தவனா? விழாக்காலத்தில் இது எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆனால் நம் பிள்ளைகள் கல்லூரியில் கற்றுவந்து கேட்கும் கேள்விகளுக்கு, "பேசாமல் செபம் செய்" என்பதே பல வீடுகளில் பதிலாக இருக்கிறது. ஆதலின் திருச்சபை வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம்.

அருளப்பர் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் புனித தோமையாரைக் காண்கிறோம். உயிர்த்த ஆண்டவரைக் கண்டதாக உடன் சீடர்கள் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. ஆயினும் அவர்கள் அவரை விலக்கிவிடவில்லை. எட்டு நாள் கழிந்த பின்னும் அவர் அவர்களோடுதான் இருந்தார். ஆண்டவரும் தம் காயங்களைக் காட்டிய பிறகே அவரைக் கடிந்துகொண்டார். அந்தத் தோமையாரே மயிலையில் இரத்தம் சிந்தினார் என்பது நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிவரும் மரபு.

அடுத்து, பாடுபட்ட சுரூபமும் ரோசா மலர்களும் ஏந்தி நம் பீடங்களில் நிற்கும் சிறுமலர் தெரேசம்மாள். பிரான்சு நாட்டில் 1873ஆம் ஆண்டு பிறந்து, 15 வயதில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் காசநோயால் முதன்முறை இரத்தம் கக்கினார். விண்ணகம் நெருங்கிவிட்டது என்று மகிழ்ந்தார். ஆனால் அந்தப் பாஸ்கு காலத்திலேயே, விண்ணகம் என ஒன்று உண்டா என்னும் கொடிய ஐயம் அவரைச் சூழ்ந்தது. 1897 செப்டம்பர் 30ஆம் நாள், 24ஆம் வயதில் இறக்கும் வரை அவ்விருள் நீங்கவில்லை.

அவர் என்ன செய்தார்? ஐயத்தை மறைத்துப் பாசாங்கு செய்யவில்லை. மடத்துத் தலைவிக்கு எழுதிய ஏட்டில் வெளிப்படையாக எழுதி வைத்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி, நெஞ்சோடு அணிந்துகொண்டார். கடவுளை மறுப்போர் உண்மையிலேயே இருக்கக்கூடும் என்று முன்பு அவர் நம்பியதில்லை. இப்போது அவர்களைச் சகோதரர்களாகக் கருதி, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து, அவர்களுக்காகவும் மன்றாடினார்.

1898இல் அவரது வரலாறு அச்சானபோது, உடன்பிறந்த அக்கா பல இடங்களில் திருத்தியிருந்தார். அவர் எழுதியது எழுதியபடியே வெளிவர 1956 வரை காத்திருக்க நேர்ந்தது. 1925இல் பாப்பிறை 11ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1997 அக்டோபர் 19ஆம் நாள் பாப்பிறை 2ஆம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். இருளில் தடுமாறியவரையே திருச்சபை நமக்கு ஆசிரியையாக நிறுத்தியிருக்கிறது!

அவரது பெயரைத் துறவறத்தில் ஏற்ற கல்கத்தா அன்னை தெரேசாவும் நெடுங்காலம் இத்தகைய இருளில் நடந்தார் என்பதை, 2007இல் நூலாக வெளிவந்த அவரது கடிதங்கள் காட்டின. அந்த ஆண்டுகளிலெல்லாம் அவர் செபத்தையும் விடவில்லை, ஏழைகளையும் விடவில்லை.

விசுவாசத்தை எள்ளி நகையாடுவது வேறு; உண்மையைத் தேடித் தவிப்பது வேறு. பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, உங்கள் பிள்ளை கேள்வி கேட்டால் சினவாதீர். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடில் சேர்ந்து தேடுங்கள். தோமையாரை உடன் வைத்துக்கொண்ட சீடர்களைப்போல் நாமும் அப்பிள்ளையை நம் நடுவிலேயே வைத்துக்கொள்வோமாக.