எண்ணிக்கையும் எண்ணமும்

ஆங்கிலப் பொப் இசையைப் பற்றிப் பேசுவோர் இன்று நடுவயதைக் கடந்தவராயின், பெரும்பாலும் ஒரே தீர்ப்பைக் கூறுவர். 1990ஆம் ஆண்டுக்கும் 1994ஆம் ஆண்டுக்கும் இடையில் வந்த பாடல்களே பாடல்கள். அதன்பின் வந்தவை வெறும் ஓசை என்பது அவர்தம் துணிபு. இதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது வாராந்தப் பாடல் வரிசைப் பட்டியலை. இன்ன பாடல் இத்தனை வாரம் முதலிடத்தில் நின்றது, இன்ன பாடல் இத்தனை இலட்சம் விற்றது என்று விரல்விட்டுக் கூறுவர். தம் நினைவு மட்டும் சான்றாகாது என்று உணர்ந்தே எண்ணிக்கையைத் துணைக்கு அழைக்கின்றனர் போலும். தமிழில் எண்ணுதல் என்னுஞ் சொல் கணக்கிடுதலையும் குறிக்கும், நினைத்தலையும் குறிக்கும். இவ்விரண்டும் அந்த ஐந்தாண்டுக் காலத்திலே எங்கே ஒத்துச் சென்றன, எங்கே ஒன்றையொன்று மறுத்தன என்பது ஆராயத்தக்கது.

வரிசைப் பட்டியல் தோன்றிய கதை மிக எளியது. பிரித்தானியாவில் முன்னர் ஒரு பாடலின் செல்வாக்கு, அதன் இசைக்குறிப்புத் தாள் எவ்வளவு விற்றது என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது. இசைத்தட்டு விற்பனையைக் கொண்டு அளக்கலாம் என்ற எண்ணம் 1952ஆம் ஆண்டில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்னும் இசைச் சஞ்சிகைக்கு உண்டாயிற்று. அதன் விளம்பரப் பகுதியைச் சேர்ந்த பேர்சி டிக்கின்ஸ் என்பவர் ஏறத்தாழ 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எவ்விசைத்தட்டு நன்கு விலைபோகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பர் 14ஆந் திகதி வெளிவந்த முதற் பட்டியலில் அல் மார்ட்டினோ என்னும் அமெரிக்கப் பாடகர் முதலிடம் பெற்று, ஒன்பது வாரம் அதனை விடாது வைத்திருந்தார். ஒரு பெருந்தேசத்தின் இசைச்சுவைக்கு அளவுகோல் இருபது கடைக்காரரின் வாய்மொழி!

அதற்கு அடுத்த மாதத்திலேதான் கொழும்பிலிருந்து இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு வாயிலாக அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா தொடங்கிற்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இந்தித் திரைப்படப் பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்திக் கூறிய அந்நிகழ்ச்சி பின்னர் கடைகளின் விற்பனைக் கணக்கை மட்டும் நம்பியிராது, நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டது. கடைக்காரரின் வாய்மொழி எத்துணை நம்பத்தக்கது என்ற ஐயம் தேம்ஸ் ஆற்றின் கரையிலும் களனியாற்றின் கரையிலும் ஒன்றுபோலவே எழுந்தது எனலாம்.

அமெரிக்காவில் அவ்வையம் தீர நெடுங்காலம் சென்றது. பில்போர்ட் என்னும் வர்த்தகச் சஞ்சிகை 1958 ஓகஸ்ட் மாதத்திலிருந்து நூறு பாடல்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டு வந்தது. விற்பனை, வானொலி ஒலிபரப்பு ஆகிய இரண்டுமே அதற்கு ஆதாரம். ஆனால் கடைகள் விற்ற தட்டுகளின் தொகையைக் கூறவில்லை. எது முதலாவது, எது இரண்டாவது என்று தம் மதிப்பீட்டையே கூறின. கடைச் சிப்பந்தி எத்தகைய இசையை விரும்புபவரோ அத்தகைய இசை பட்டியலில் சற்று மேலேறும். விற்காது தேங்கிய தட்டையும் நன்றாக விற்கிறதென்று கூறிவிட்டால், பட்டியலைக் கண்டு மக்கள் வாங்கவும் கூடும். இசைத்தட்டு நிறுவனங்களின் அன்பளிப்புகளும் அச்சிப்பந்தியின் ஞாபகசக்தியைக் கூர்மையாக்கியதுண்டு. பிரித்தானியா இவ்விடயத்தில் சற்று முந்திக்கொண்டது. அங்கே 1969 முதல் கடைகளின் நாட்குறிப்புகள் தபாலிற் பெறப்பட்டன; 1983 முதல் கணிப்பொறி வாயிலாகக் கணக்கு எடுக்கப்பட்டது.

அமெரிக்காவிலே திரை விலகிய நாள் 1991 மே 25. அன்று வெளிவந்த பில்போர்ட் இசைத்தொகுதிப் பட்டியல், சவுண்ட்ஸ்கான் என்னும் புதிய முறையை முதன்முறையாகக் கைக்கொண்டது. தட்டின் உறையில் அச்சிடப்பட்ட கோட்டுக்குறியைக் காசாளரின் மேசையிலுள்ள பொறி படிக்கும். படித்ததை அப்படியே கணக்கிற் சேர்க்கும். அப்பொறிக்கு எவ்விசையிலும் விருப்பில்லை, வெறுப்பும் இல்லை. சில வாரங்களுக்குள் பட்டியலின் முகமே மாறியது. வானொலி நிலையங்கள் பெரும்பாலும் ஒதுக்கி வைத்த என்.டபிள்யூ.ஏ. என்னும் ராப் குழுவின் தொகுதி, யூன் மாதத்தில் இரண்டாமிடத்தில் நுழைந்து, மறுவாரமே முதலிடத்தை அடைந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸ் என்னும் கன்ட்ரி இசைப் பாடகரின் தொகுதி வெளிவந்த உடனேயே முதலிடத்தில் அமர்ந்தது. அவ்விசை மரபைச் சேர்ந்த எத்தொகுதிக்கும் முன்னர் அவ்வாறு நேர்ந்ததில்லை.

இதனை ஒரு புதிய சுவையின் பிறப்பு என்று பலர் எழுதினர். இன்றும் அவ்வாறே கருதுவோர் உளர். அது முழு உண்மையன்று. தென்மாநிலங்களின் சிற்றூர்களில் வாழ்ந்தோரும், பெருநகரங்களின் கறுப்பின இளைஞரும் அதற்கு முன்னரும் இசைத்தட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தனர். வாங்கியதை எழுதிக்கொள்வார் இல்லை, அவ்வளவே. எனவே 1991க்கு முந்திய அமெரிக்கப் பட்டியலைக் கையிலேந்தி, அக்காலத்தில் மக்கள் விரும்பியது இதுவே என்று இன்று வாதிடுவோர், எண்ணப்படாதவர்களை இரண்டாம் முறையும் எண்ணாது விடுகின்றனர்.

தனிப்பாடல்களின் பட்டியலுக்கு இப்புதிய முறை அதே ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி வந்தது. வானொலியில் எப்பாடல் எத்தனை முறை ஒலித்தது என்பதையும் அப்போது கணிப்பொறியே செவிமடுத்துக் குறித்தது. அவ்வாரம் முதலிடம் பெற்ற பாடல் பி.எம்.டோன் என்னும் குழுவினருடையது. நினைவின் இன்பத்திலே மிதக்கவிடப்படுதல் என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்ட அது, 1983ஆம் ஆண்டின் பிரித்தானியப் பாடலொன்றின் இசையைத் தன்னுள்ளே பொதிந்து வைத்திருந்தது. துல்லியமான கணக்கின் முதல் வெற்றியைப் பழைய நினைவே தட்டிக்கொண்டது. வரலாறு சிலபோது இவ்வாறு குறும்பு செய்யும்.

மற்றொரு விளைவையும் கூறுதல் வேண்டும். பழைய முறையில் கடைக்காரர் ஒரு பாடலில் சலிப்புற்றதும் அது பட்டியலினின்று இறங்கிவிடும். பொறிக்குச் சலிப்பில்லை. எல்விஸ் பிரெஸ்லி 1956இல் நிலைநாட்டிய பதினொரு வாரச் சாதனையை 1992இல் பொய்ஸ் டு மென் குழுவினர் பதின்மூன்று வாரங்களால் முறியடித்தனர். அவர்களை அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய விட்னி ஹூஸ்டனின் பாடல் பதினான்கு வாரங்களால் விஞ்சியது. அக்காலத்துப் பாடல்கள் நெடுநாள் நிலைத்தன என்று பெருமை பேசுவோர், அந்நீட்சியில் ஒரு பங்கு கணக்குமுறையினுடையது என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

ஆயினும் எல்லாவற்றையும் பொறியின் தலையில் ஏற்றிவிடல் ஆகாது. பிரித்தானியாவில் கணக்குமுறை அவ்வாண்டில் மாறவில்லை. அங்கேதான் கனடா நாட்டுப் பாடகர் பிரயன் அடம்ஸ், ரொபின் ஹூட் கதையைக் கூறும் திரைப்படத்துக்காகப் பாடிய காதற்பாடல் 1991 யூலை முதல் ஒக்டோபர் இறுதிவரை தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் நின்றது. ஸ்லிம் விட்மன் 1955இல் பெற்ற பதினொரு வாரத் தொடர்ச்சி அத்தோடு பின்தள்ளப்பட்டது. கோடை வந்து, கோடை சென்று, இலை பழுத்து உதிரத் தொடங்கிய பின்னரும் அதே குரல். இன்று அப்பாடலைக் கேட்டுக் கண்கலங்குவோர் பலர். அன்று அதனைக் கேட்டு வானொலியை மூடியவரும் பலரே. இருவரும் ஒருவராகவே இருத்தலும் கூடும். மூன்றாண்டு கழித்து வெட் வெட் வெட் என்னும் ஸ்கொட்லாந்துக் குழுவினர் மற்றொரு திரைப்படப் பாடலோடு 15 வாரம் முதலிடத்தில் நின்றபோது, சலிப்பு பாடியவர்களையே பற்றிக்கொண்டது. தம் இசைத்தட்டைத் தாமே விற்பனையினின்று நீக்கச் செய்தனர். தம் புகழுக்குத் தாமே கதவடைத்த இச்செயலை வேறொரு துறையிற் காணல் அரிது.

இனி, இப்பழம்பாடற் பற்றினுள்ளே ஒளிந்திருக்கும் ஒரு விந்தையைக் காண்போம். வெட் வெட் வெட் பாடிய அப்பாடல் 1967இல் துரொக்ஸ் என்னும் குழுவினர் பாடியது. விட்னி ஹூஸ்டன் பாடியது, டொலி பார்ட்டன் இயற்றி 1974இல் வெளியிட்ட பாடல். பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டு மிகுதியாக விற்ற தனிப்பாடல் யாதெனில், ரைச்சஸ் பிரதர்ஸ் என்போர் 1965இல் ஒலிப்பதிவு செய்தது. ஒரு திரைப்படத்தில் இடம்பெற்றமையால் உயிர்த்தெழுந்தது. கிளாஷ் குழுவினர் 1982இல் வெளியிட்ட பாடல், ஒரு காற்சட்டை விளம்பரத்தின் தயவால் 1991 மார்ச்சில் முதலிடம் கண்டது. அதே ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி பிரெடி மெர்க்குரி மறைந்தபின், குயின் குழுவினரின் 1975ஆம் ஆண்டுப் பாடல் மீண்டும் கிறிஸ்மஸ் வாரத்தின் முதலிடத்தை ஏற்றது. ஆகவே, இன்று நாற்பது ஐம்பது வயதினர் தம் இளமையின் இசை என்று போற்றுவதில் ஒரு கூறு, அவர்தம் பெற்றோரின் இளமை இசையே. அப்பெற்றோரும் அக்காலத்துப் புதுப்பாடல்களைக் கேட்டு, இவை வெறும் ஓசை என்றே கூறியிருந்தனர்.

நினைவு செய்யும் தேர்வு இன்னும் நுட்பமானது. அக்காலத்தின் தலைசிறந்த பாடல்கள் என்று இன்று தொகுக்கப்படுவனவற்றில் நிர்வாணா குழுவினரின் புகழ்பெற்ற பாடல் தவறாது முன்னிற்கும். அவர்களுடைய தொகுதி 1992 யனவரியில் மைக்கல் ஜாக்சனின் தொகுதியைத் தள்ளி முதலிடம் பெற்றது உண்மை. ஆயின் அப்பாடல் அமெரிக்காவில் ஆறாம் இடத்துக்கும் பிரித்தானியாவில் ஏழாம் இடத்துக்கும் மேற்செல்லவில்லை. மசிவ் அட்டாக் என்னும் பிரிஸ்டல் நகரக் குழுவினர் 1991இல் வெளியிட்ட பாடலோ பதின்மூன்றாம் இடத்தோடு நின்றது. அப்போது வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தமையால், தாக்குதல் எனப் பொருள்படும் பெயரின் பிற்பாதியை விட்டு, மசிவ் என்ற பெயரிலேயே அது வெளியிடப்பட நேர்ந்தது. ரேடியோஹெட் குழுவினரின் முதற்பாடல் 1992இல் 78ஆம் இடத்தைக் கண்டு மறைந்தது. மறுவருடம் மீள வெளியிட்டபோதே ஏழாமிடம் பெற்றது. இவை மூன்றும் இன்று செவ்விய பாடல்கள்.

அவ்வாண்டுகளில் முதலிடம் பெற்றவை யாவை? 1990இல் ஆமை வீரர்களைப் பற்றிய சிறுவர் திரைப்படப் பாடலொன்று நான்கு வாரம் பிரித்தானியாவை ஆண்டது. 1991இல் நகைச்சுவை நடிகர் இருவர் அறக்கொடைக்காகப் பாடிய கேலிப்பாட்டு ஒன்று ஒருவாரம் அவ்விடத்தில் இருந்தது. 1993ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் வாரத்து முதலிடம், மிஸ்டர் புளொபி என்னும் இளஞ்சிவப்பு நிறப் பொய்யுருவத்துக்கே உரியதாயிற்று. மஞ்சட் புள்ளிகள் பூண்ட அவ்வுருவம் தன் பெயரையன்றி வேறொன்றும் பேசியறியாதது. அக்காலமே பொற்காலம் என்போர் இவ்வுருவத்தைக் குறிப்பிடுவதில்லை. பொய் என்று வெளிப்பட்டவையும் உண்டு. மிலி வனிலி என்னும் இருவர் 1990 பெப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்றனர். தட்டிலுள்ள குரல் அவர்களுடையதன்று என்று தெரியவர, நவம்பரில் அது மீளப் பெறப்பட்டது.

எனின், இப்பற்று முழுதும் மயக்கமோ? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அக்காலத்தினர் இழந்தது ஒன்றுண்டு. அது பாடலன்று, பாடலைக் கேட்ட முறை. ஞாயிறு மாலையில் பீ.பீ.சீ.யின் முதலாம் வானொலி நாற்பதாம் இடத்திலிருந்து மேனோக்கி எண்ணிக்கொண்டு வரும். ஒலிநாடாப் பெட்டியின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அறிவிப்பாளர் பேச்சை முடிக்கும் கணத்துக்காகச் சிறுவர் காத்திருப்பர். அவர் பாடலின் மேலேயே பேசிவிட்டால் அந்த வாரம் பாழ். வியாழன் இரவு தொலைக்காட்சியில் அதே பாடல்கள். வெள்ளி காலை பள்ளிக்கூடத்தில் அதே பேச்சு. பிடித்த பாடலுக்காகப் பிடிக்காத பத்துப் பாடலைச் செவிமடுக்க வேண்டியிருந்தது. அதனால் தன் சுவைக்குப் புறம்பானதையும் ஒருவன் அறிந்திருந்தான். மிஸ்டர் புளொபியை வெறுப்பதிலும் ஒரு நாடு ஒன்றுகூட முடிந்தது.

2005இல் இணையவழிப் பதிவிறக்கங்கள் பிரித்தானியத் தனிப்பாடற் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 1964 புத்தாண்டு நாளில் தொடங்கிய அவ்வாராந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி 2006 யூலையில் முடிவுற்றது. 2014 முதல், வாங்காது இணையத்தில் வெறுமனே கேட்பதும் கணக்கிற் கொள்ளப்பட்டது. முன்னர் ஒரு பாடலை ஒருவர் ஒருமுறை வாங்கினால் ஒன்று. பின் ஆயிரம் முறை வீட்டிற் கேட்டாலும் கணக்கில் ஒன்றே. புதிய முறையிலோ கேட்டலே எண்ணப்படுகிறது; பழைய பாடலும் புதியதோடு போட்டியிட முடிகிறது. மரையா கேரி 1994இல் வெளியிட்ட கிறிஸ்மஸ் பாடல் அவ்வாண்டு பிரித்தானியாவில் ஈஸ்ட் 17 என்னும் இளைஞர் குழுவினரிடம் தோற்று இரண்டாமிடத்தோடு நின்றிருந்தது. அது 2019 டிசம்பரில் அமெரிக்காவிலும், 2020 டிசம்பரில் பிரித்தானியாவிலும் முதன்முறையாக முதலிடத்தை அடைந்தது. அதனை அவ்வாண்டுகளிற் கேட்டோருள், அது வெளிவந்தபோது பிறந்திராதோரும் பலர்.