ஐயம் எழும் வேளையில் வழிகாட்டும் விசுவாசம்



விடாமல் செபித்தும் நோய் தீரவில்லை. நேர்மையாக உழைத்தும் கடன் அடையவில்லை. வளர வேண்டிய பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். இத்தகைய வேளைகளில், "கடவுள் இருக்கிறாரா? இருந்தால் நம் குரல் அவருக்குக் கேட்கிறதா?" என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது. இதை வெளியே சொன்னால் விசுவாசம் இல்லாதவர்கள் என்று பிறர் எண்ணுவார்களோ என அஞ்சி, பலரும் மனத்திற்குள்ளேயே புதைத்துக்கொள்கிறோம்.

ஐயம் பாவமா?

1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2088) ஐயத்தை இரு வகையாகப் பார்க்கிறது. இறைவன் வெளிப்படுத்திய உண்மையை அறிந்தும் வேண்டுமென்றே புறக்கணிப்பது ஒன்று. நம்ப விரும்பியும் தயங்குவது, எதிர்க்கேள்விகளுக்கு விடை காணாமல் தவிப்பது, விசுவாசத்தின் புரியாத பகுதிகளைக் கண்டு கலங்குவது மற்றொன்று. நம்மில் பெரும்பாலோர்க்கு வருவது இரண்டாவது வகையே. இதை அப்படியே வளரவிட்டால் அது ஆன்மீகக் குருட்டுத்தன்மையில் கொண்டுபோய் விடலாம் என்றும் மறைக்கல்வி எச்சரிக்கிறது. ஆகவே, ஐயம் வந்ததற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை; அதை என்ன செய்கிறோம் என்பதே முக்கியம்.

புனித தேவசகாயம் காட்டும் பாதை

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர். பொருளையும் கால்நடைகளையும் இழந்து அவர் மனம் சோர்ந்திருந்த காலத்தில், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைப்பணியில் சேர்ந்த டிலனாய் அவருக்கு நண்பரானார். டிலனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது யோபுவின் வரலாறு.

யோபு வாய்மூடித் துன்பத்தைச் சகித்தவர் மட்டுமல்லர், கடவுளிடமே வழக்காடியவர். "நீ பாவம் செய்திருப்பாய்" என்று ஆயத்த விடை வைத்திருந்த நண்பர்களையே இறுதியில் கடவுள் கடிந்துகொள்கிறார். யோபுவே சரியாகப் பேசினார் என்கிறார் (யோபு 42:7). ஐயத்தில் தவிப்பவர்க்கு அறிவுரை சொல்ல விரையும் நாம் இதை மறக்கலாகாது.

நீலகண்டன் நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். அதனால் அவருடைய துன்பம் நீங்கிவிடவில்லை. 1749-இல் கைதாகி, கொடிய வதைகளைத் தாங்கி, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் தருவதைவிட, துன்பத்தில் உடன் நடக்கும் இறைவனைக் காட்டுவதே விசுவாசம் என்பதை அவருடைய வாழ்வு நமக்குச் சொல்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, அவசர முடிவு எடுக்காதிருத்தல். ஆன்மீக வறட்சியின்போது, முன்பு தெளிந்த மனத்துடன் எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் தரும் விதி. அவ்வேளையில் செபத்தைச் சற்றுக் கூட்டவே அவர் சொல்கிறார்.

இரண்டாவது, குழுமத்தை விட்டு விலகாதிருத்தல். உயிர்த்த ஆண்டவர் முதலில் தோன்றியபோது தோமா அங்கே இல்லை. எட்டு நாள் கழித்து, ஐயம் தீராத நிலையிலும் அவர் மற்றச் சீடர்களோடு இருந்தார். அங்கேதான் ஆண்டவரைக் கண்டார் (யோவான் 20:24-29). மனம் ஒன்றாவிட்டாலும் ஞாயிறு திருப்பலியை விடாதிருப்போம்.

மூன்றாவது, மனம் திறந்து பேசுதல். நீலகண்டனுக்கு முதலில் வழிகாட்டியவர் ஒரு பொதுநிலையினரே. நம்பிக்கைக்குரிய நண்பரிடமோ பங்குக் குருவிடமோ பேசுவோம். உறக்கமின்றி, வாழவே பிடிக்காத அளவுக்கு மனச்சோர்வு இருந்தால் மருத்துவரையும் தாமதமின்றி நாடுவோம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

இருளிலும் தொடர்ந்தவர்

அன்னை தெரேசா பல்லாண்டுகள் கடவுளின் உடனிருப்பை உணராமல் தவித்தார் என்பதை, அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. அந்த இருளிலும் அவர் செபத்தையும் ஏழைகளுக்கான பணியையும் நிறுத்தவில்லை. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

குத்துக்கல்வலசையிலும் தென்காசியிலும் வாழும் நாம், சாரல் காலத்தில் குற்றால மலையை மேகம் மூடுவதைப் பார்க்கிறோம். மலை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கேயே இருக்கிறது என்பதை அறிவோம். இறைவனைக் குறித்தும் அந்த உறுதியைக் கேட்டு மன்றாடுவோம்.

ஆண்டவரே, நம்ப விரும்பியும் தடுமாறும் எங்கள் கையைப் பிடித்து நடத்தியருளும். ஆமென்.