கேள்வியும் கல்வியே: சொற்குருட்டின் வரலாற்றிலிருந்து

1896-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். பெர்சி என்ற அச்சிறுவன் அறிவுக்கூர்மை உடையவன், விளையாட்டிலும் பின்தங்கியவன் அல்லன், கண்பார்வையும் குறைவற்றது. 749-ஐ 867-ஆல் விரைவாகப் பெருக்கி விடை சொன்னான். ஆனால் ஆண்டுக்கணக்கில் கற்பித்தும் ஓரசைச் சொற்களையே தட்டுத்தடுமாறித்தான் படித்தான். தன் பெயரையும் எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியின் தலைசிறந்த மாணவன் இவனாகவே இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார்.

மார்கன் இக்குறைக்கு இட்ட பெயர் 'பிறவிச் சொற்குருடு'. 'டிஸ்லெக்சியா' என்ற சொல் பின்னரே பரவலாக வழங்கியது. மருத்துவ வரலாற்றில் பெயர்சூட்டல்தான் முதன்மையாகப் பேசப்படுகிறது. நமக்கோ அந்த ஆசிரியரின் சொல்லே முக்கியம். அதனுள் இரண்டு கேள்விகள் பொதிந்துள்ளன. பெர்சிக்கு எழுத்தைக் கற்பிப்பது எப்படி? கற்கும்வரை நூல்களின் உலகை அவனுக்கு மூடிவைப்பது நியாயமா?

முதற்கேள்விக்கான விடை அமெரிக்காவில் உருவானது. 1920-களில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் நரம்பியல் மருத்துவர் இத்தகைய குழந்தைகளை ஆராய்ந்தார். அவருடைய கருத்துகளை அடியொற்றி, 1930-களில் அன்னா கில்லிங்ஹாமும் பெஸ்ஸி ஸ்டில்மனும் ஒரு கற்பித்தல் முறையை வகுத்தனர். எழுத்தைக் கண் காண்கிறது, அதன் ஒலியைக் காது கேட்கிறது, வாய் சொல்கிறது, கை வரைகிறது. எளியதிலிருந்து அரியதற்கு, ஒன்றை உறுதிசெய்தபின் அடுத்தது என்பதே அதன் ஒழுங்கு.

இதைப் படிக்கும்போது நம் திண்ணைப் பள்ளி நினைவுக்கு வராமல் போகாது. மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிப் பழகியவர்கள் நம் முன்னோர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குக் கண்ட மணலெழுத்தைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லவரவில்லை. கையும் வாயும் சேராமல் கண் மட்டும் எழுத்தைக் கற்பதில்லை என்பதை இரு மரபுகளும் உணர்ந்திருந்தன.

இரண்டாம் கேள்விக்கான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்கள் கல்லூரியில் பயில விரும்பினர். அவர்களுக்காக 1948-இல் நியூயார்க்கில் ஆன் மெக்டொனால்டு என்னும் பெண்மணி பாடநூல்களை ஒலிப்பதிவு செய்யும் அமைப்பைத் தொடங்கினார். பார்வை இருந்தும் படிக்க இயலாத மாணவர்களுக்கும் அப்பதிவுகள் துணையாயின. 1995-இல் அவ்வமைப்பு தன் பெயரிலேயே டிஸ்லெக்சியாவைச் சேர்த்துக்கொண்டது. பெர்சியின் ஆசிரியர் சொன்னது நடைமுறைக்கு வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இணையம் இவ்விரு விடைகளையும் அருகருகே கொண்டுவந்தது எனலாம். 1996-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று தொடங்கிய 'எல்.டி. ஆன்லைன்' போன்ற தளங்கள், அதுவரை சிறப்பாசிரியர்களிடம் மட்டுமே இருந்த கற்பித்தல் முறைகளைப் பெற்றோருக்கும் வகுப்பாசிரியருக்கும் திறந்துவைத்தன. 2002-இல் தோன்றிய 'புக்‌ஷேர்' நூல்களை எண்ணிம வடிவில் வழங்கியது. கணினி உரக்கப் படிக்க, படிக்கும் சொல் திரையில் ஒளிர, காதும் கண்ணும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. நூல்களை இவ்வாறு மாற்றப் பதிப்புரிமை தடையாகாதிருக்க 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை உருவானது. 2014-இல் அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 1995-ஆம் ஆண்டின் நம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

ஆயினும் ஓர் ஐயம் ஆசிரியர்களிடையே உண்டு. கேட்கப் பழகியவன் படிக்க முயல்வானா? இவ்வையத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒலிநூலைக் கொடுத்துவிட்டு எழுத்தைக் கற்பிக்காமல் விடுவதும் கைவிடுதலே. ஆனால் எழுத்து கைகூடும்வரை கதையையும் கவிதையையும் மறுத்தால், எதற்காகப் படிக்கவேண்டும் என்பதே அம்மாணவனுக்குத் தெரியாமல் போகும். குறளில் 'கல்வி', 'கல்லாமை' ஆகியவற்றை அடுத்து வரும் அதிகாரம் 'கேள்வி' என்பதை இங்கு எண்ணிப்பார்க்கலாம்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ் நூல்களைப் படங்களாக மின்வருடி இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய எழுத்துருக்களில் கோத்த நூல்களை அப்படியே வெளியிடுவோரும் உளர். இவற்றைக் கணினி நேராக வாசித்துக் காட்ட இயலாது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டனர். அவை பின்னர் ஒருங்குறிக்கும் மாறின. நூல்களைக் காப்பதற்காகச் செய்த அப்பணி, படிக்க இயலாத ஒரு மாணவனுக்குச் சிலப்பதிகாரத்தைக் கேட்கும் வாய்ப்பையும் தந்திருக்கிறது. இனி வெளியிடும் ஒவ்வொரு நூலின் ஒருங்குறி வடிவத்தையும் பதிப்பாளரிடம் நாம் கேட்டுப்பெறலாம். அத்தகைய மாணவர்கள் நம் வகுப்புகளிலும் அமர்ந்திருக்கிறார்கள்.