ஆரிய வைசியரும் சக்சினைல்கோலினும்: ஒரு நொதிக் குறைபாட்டின் வரலாறு

இராயபுரத்தின் தென்விளிம்பில் நிற்கும் ஸ்டான்லி மருத்துவமனை, 1782ஆம் ஆண்டுப் பஞ்சகாலத்தில் எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வடசென்னை மக்கள் அதனை நெடுங்காலம் அழைத்தனர். 1938இல் அங்கு மருத்துவக் கல்லூரி அமைந்தது. அதற்குத் தெற்கே, ஜார்ஜ் டவுனில், 1996 வரை நகரின் காய்கறி மொத்தச் சந்தையாக விளங்கிய கொத்தவால் சாவடி உள்ளது. அச்சந்தையை நடத்தி வந்தது ஆரிய வைசியரின் கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவ்வணிகச் சமூகத்தினர் கும்பினிக் கால ஆவணங்களில் ‘கோமுட்டிச் செட்டிகள்’ எனக் குறிக்கப்படுகின்றனர். தென்னிந்திய மயக்கவியல் மருத்துவர்கள் அறுவைக்கு முன் நோயாளியின் சாதியை வினவும் வழக்கம் இச்சமூகத்தை ஒட்டியே தோன்றியது. அவ்வினாவின் வேர், சாதி வரலாற்றிலும் மருந்தின் வரலாற்றிலும் ஒருங்கே ஊன்றியுள்ளது.

தசைத் தளர்ச்சி மருந்துகளின் நவீன வரலாறு 1942 சனவரி 23 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தொடங்குகிறது. தென்னமெரிக்கப் பழங்குடியினரின் அம்பு நஞ்சான கியூராரேயின் தூய்மையாக்கப்பட்ட வடிவத்தை ஹெரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் அன்று அறுவை நோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். அதன் முறிமருந்து அதற்கும் முன்பே அறியப்பட்டிருந்தது. ஃபைசோஸ்டிக்மின் கியூராரேயின் விளைவை மாற்றும் என்பதை 1900இல் வியன்னாவின் யாக்கோப் பால் கண்டார். பின்னர்ச் செயற்கையாக உருவாக்கப்பட்ட நியோஸ்டிக்மின் அவ்விடத்தைப் பிடித்தது. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இவை தடுக்கின்றன. அசிட்டைல்கோலின் பெருகிக் கியூராரேயை வெளித்தள்ளத் தசை மீண்டும் இயங்கும்.

சக்சினைல்கோலினின் கதை வேறு. 1906இல் ஹன்ட், டவோ என்னும் இருவர் இப்பொருளை விலங்குகளில் ஆராய்ந்தபோது, அவ்விலங்குகளுக்கு முன்னரே கியூராரே தரப்பட்டிருந்தது. செயலிழந்த தசையில் இன்னொரு செயலிழப்பு எவ்வாறு தென்படும்? அதன் தளர்ச்சிப் பண்பு 1949 வரை வெளிப்படவில்லை. 1951இல் ஐரோப்பிய அறுவை அரங்குகளில் நுழைந்த பின் அது விரைந்து பரவியது. ஒரு நிமிடத்திற்குள் தசை முழுதும் தளரும். மூச்சுக்குழாயில் குழல் செலுத்தலாம். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் நோயாளி தானே மூச்சு விடுவார். இதற்கு முறிமருந்து தேவையில்லை என்பதே இதன் பெருமையாகக் கருதப்பட்டது. குருதியில் இயல்பாகவே உள்ள பியூட்டைரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்துவிடுகிறது. அந்நொதி இல்லாதோரைப் பற்றி அப்போது எவரும் எண்ணியிருக்கவில்லை.

1952 முதலே நெடுநேரம் மூச்சு திரும்பாத நோயாளிகள் குறித்த செய்திகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. நொதியின் பிறழ்ந்த வடிவம் பரம்பரையாக வருவதென்பதை டொராண்டோவின் வெர்னர் கலோவ் நிறுவினார். 1957இல் அவர் வகுத்த டிபுகெய்ன் எண் சோதனை, மருந்துமரபியல் என்னும் துறையின் அடித்தளங்களுள் ஒன்று. நொதி முற்றிலும் செயலற்ற ‘மௌன’ வகை ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடையே ஓர் இலட்சத்தில் ஒருவருக்கே காணப்படுவதாகக் கணிக்கப்பட்டது.

தென்னிந்தியாவில் இக்கணக்கு பொய்த்தது. ஆந்திர வைசியரிடையே மௌன மரபணு மிகுந்திருப்பதை 1979இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் இரத்தினம் பூபதியும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் ஒக்சானா லாக்ரிட்ஜுடன் இணைந்து, 2006இல் காரணத்தை வெளியிட்டனர். நொதிப் புரதத்தின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமைந்திருந்தது. கோயம்புத்தூர் வைசியரிடையே 24 பேருக்கு ஒருவர் மௌன வகையினர். மேற்கத்திய அளவைவிட ஏறத்தாழ 4,000 மடங்கு. இவர்கள் அன்றாட வாழ்வில் நலமாகவே இருக்கின்றனர் என அதே குழு அடுத்த ஆண்டில் பதிவு செய்தது. நொதியின்மை சக்சினைல்கோலின் ஏறும்வரை தன்னை வெளிக்காட்டுவதில்லை.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமும், சமூகத்திற்குள்ளேயே நிகழும் மணமும் இம்மரபணுவைப் பல தலைமுறைகளாகத் தேக்கி வைத்தன. ஆயினும் உறவுமணம் தென்னிந்தியச் சாதிகள் பலவற்றுக்கும் பொது. வைசியரிடம் மட்டும் இது குவிந்திருப்பதற்கு அச்சமூகத்தின் தொடக்க முன்னோர் சிலரிடமே இப்பிறழ்வு இருந்திருக்க வேண்டும் எனக் கொள்வதே பொருந்தும்.

இந்நிலையில் சக்சினைல்கோலின் பெறுபவருக்கு மூச்சு திரும்பச் சில மணி நேரம் ஆகும். கியூராரேக்குப் பயன்பட்ட நியோஸ்டிக்மினைத் தந்தால் கேடு மிகலாம். அது எஞ்சியிருக்கும் சிறிதளவு நொதியையும் தடுக்கும். செயற்கைச் சுவாசத்தைத் தொடர்ந்து காத்திருப்பதே வழி. அதுவரை மயக்கத்தையும் தொடர வேண்டும்; இல்லையேல் நோயாளி விழித்திருந்தும் விரலசைக்க இயலாதவராய்க் கிடப்பார்.

இனி, சாதி வினா எத்துணைப் பயனுடையது என்பதைக் காண வேண்டும். ‘செட்டியாரா?’ என்று கேட்பது வடசென்னையில் தெளிவற்ற வினா. பழைய சென்னையின் வலங்கை–இடங்கைப் பூசல்களில் கோமுட்டிச் செட்டிகள் வலங்கையிலும் பேரிச் செட்டிகள் இடங்கையிலும் எதிரெதிரே நின்றவர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார் வேறொரு சமூகத்தினர். ஒரே பட்டம் தாங்கிய இவர்களுக்குள் மணவுறவு இல்லை. பட்டத்தை மட்டும் கேட்கும் மருத்துவர் தேவையற்றோரை அஞ்சி, ‘குப்தா’ எனப் பெயரிட்ட ஆரிய வைசியரைத் தவறவிடக்கூடும். குறைபாடு பிறவியால் மட்டும் வருவதுமன்று. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி அருந்தியவருக்கு எச்சாதியாயினும் இந்நொதி செயலிழந்திருக்கும். அரசு மருத்துவமனைகளுக்கு இத்தகையோர் வருவது புதிதன்று.

ரோகுரோனியமும், அதனை வளையச் சர்க்கரை மூலக்கூறு ஒன்றினுள் சிறைப்படுத்தும் சுகாமடெக்ஸும் இந்நொதியைச் சாராத மாற்று வழியைத் தந்துள்ளன. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் சுகாமடெக்ஸ் ஒப்புதல் பெற்றது. அதன் விலை மிகுதி, சக்சினைல்கோலினோ மலிவானது. எனவே பழைய மருந்து அரங்கை விட்டு அகலவில்லை. சாதிப் பெயரைவிடப் பயனுள்ள வினா, குடும்பத்தில் எவருக்கேனும் அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானதா என்பதே. ஆம் எனில் குருதியில் நொதியளவு சோதனை செய்யலாம். ஒருவர் மௌன வகையினர் எனத் தெரிந்தால், உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு குறைந்தது நான்கில் ஒன்று.