பாகம் பாகமாக மாற்றக்கூடிய லேப்டாப்

பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கும் லேப்டாப் சில ஆண்டுகளில் திணறத் தொடங்குகிறது. பல மெல்லிய மாடல்களில் ரேம், மதர்போர்டுடன் சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் அதைக் கூட்ட வழியில்லை.

அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட லேப்டாப்பில் ரேம், பேட்டரி, திரை, மதர்போர்டு வரை ஒரே ஸ்க்ரூடிரைவரால் நாமே மாற்றலாம். யுஎஸ்பி போர்ட்டுகளும் தனி அட்டைகளே. காயல்பட்டினம், தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒன்று துருப்பிடித்தால் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்று செருகலாம். நமக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

சார்ஜ் நிற்கவில்லை என்பது பயனர்களின் முக்கியக் குறை. 2023-இல் 55 வாட்-மணிக்குப் பதில் 61 வாட்-மணி பேட்டரி வந்தது. பழைய லேப்டாப்பிலும் அது பொருந்தும். சிம் கார்டு வசதியும் நல்ல ஸ்பீக்கரும் பலர் கேட்டவை.

எந்த லேப்டாப் வாங்கினாலும் ரேமுக்கு ஸ்லாட் உண்டா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.